பட்டணத்துக்குக் காய்ச்சல்! திருத்தணிக்குக் கவலை!

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாட்களோ, அத்தனை படிகள்!

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரியாது. மனிதத் தலைகள்தான் தெரியும். மஞ்சள் உடுத்தியவர்கள், காவடி சுமந்தவர்கள், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள் என்று கூட்டம் அலை மோதும். "அரோகரா" என்ற ஒலி மலையைச் சுற்றும். வேலூர், சென்னைப் பக்கத்து ஜனங்கள் வருவார்கள். ஆந்திராவில் நகரி, புத்தூர், சித்தூரில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

2020-ம் ஆண்டு ஆடிக் கிருத்திகைக்குப் பக்தர்கள் யாரும் மலை ஏறவில்லை. 2021-லும் அப்படியே. சாமிக்குப் பூஜை நடந்தது. பார்க்க ஆள் இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். கொரோனா!

தமிழ்நாட்டில் அந்த நோயின் பெரும் பாரத்தைத் தாங்கிய ஊர் சென்னை. அந்தப் பட்டணம் நோயோடு எப்படிப் போராடியது? எங்கே ஜெயித்தது? எங்கே தடுமாறியது? திருத்தணி போன்ற ஊர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும். ஏன் என்றால், பட்டணத்துக்கு வந்த காய்ச்சல் பட்டணத்தோடு நிற்பது இல்லை.

எல்லை ஊர்

திருத்தணி ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சிவஞானம் முதலிய தலைவர்கள் போராடினார்கள். 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அது சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. பொன்பாடியைத் தாண்டினால் ஆந்திரா!

கோடு போட்டாலும் உறவு விட்டுப் போகுமா? பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் உண்டு. தமிழும் தெலுங்கும் ஒரே கடையில் ஒலிக்கும்.

இன்னொரு பக்கம், சென்னை. அரக்கோணம் வழியாக மின்சார ரயில் ஓடுகிறது. காலையில் ஏறிப் பட்டணத்தில் வேலை பார்த்துவிட்டு, இரவு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. சுற்று வட்டாரத்துக் காய்கறியும் பூவும் லாரி ஏறிப் பட்டணம் போகும்.

ஆள் போகிறார், வருகிறார். சரக்கு போகிறது, வருகிறது. கிருமிக்கு வேறு வாகனம் எதற்கு?

பழைய பாடம்

இது புதிய கதை அல்ல. 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. சென்னை மாகாணம் பயந்தது. ரயில் பயணிகளைச் சோதித்தார்கள். பிளேக் உள்ள ஊரில் இருந்து வருகிறவர்களுக்கு "பிளேக் பாஸ்போர்ட்" என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். சீட்டு வாங்கியவர், போய்ச் சேர்ந்த ஊரில் சில நாட்கள் அதிகாரிகள் முன் நேரில் வந்து நிற்க வேண்டும். 2020-ல் நாம் "இ-பாஸ்" என்று அலைந்தோமே, அதற்குத் தாத்தா இந்தச் சீட்டு!

1918-ல் விஷக் காய்ச்சல் வந்தது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள்.

சென்னை கிண்டியில் கிங் நிலையம் இருக்கிறது. 1899-ல் தொடங்கியது. கர்னல் கிங் என்ற சுகாதார அதிகாரியின் பெயர் அதற்கு. பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரித்த இடம் அது. 120 ஆண்டுகள் கழித்து, தமிழ்நாட்டில் கொரோனா பரிசோதனை முதன்முதலில் தொடங்கியதும் அதே கிங் நிலையத்தில்தான். அன்று போட்டு வைத்த அஸ்திவாரம் இன்று உதவியது.

நோய் வந்தது

2020 மார்ச் 7-ந் தேதி தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். ஓமன் நாட்டில் இருந்து திரும்பியவர் அவர். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றுக் குணம் அடைந்தார். மார்ச் 11-ந் தேதி உலக சுகாதார நிறுவனம், "இது உலகம் தழுவிய கொள்ளை நோய்" என்று அறிவித்தது. மார்ச் 25-ந் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ரயில் நின்றது. பஸ் நின்றது. திருத்தணி மலைக் கோவிலும் பக்தர்களுக்கு மூடப்பட்டது.

வீட்டில் இரு என்று சொல்வது சுலபம். சோறு? அரிசி ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைத்தது. ஜூன் மாதம் சென்னையில் மறுபடி முழு அடைப்பு வந்தபோது, அம்மா உணவகங்களில் இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். வயிறு நிறைந்தால்தானே கால் வீட்டில் நிற்கும்!

கோயம்பேடு

ஆனால் ஒரு இடத்தில் கூட்டம் குறையவே இல்லை. அதுதான் கோயம்பேடு மார்க்கெட்.

1996-ல் திறந்த பெரிய மார்க்கெட் அது. சென்னைக்குக் காய்கறி, பழம், பூ எல்லாம் அங்கே இருந்துதான் போகும். மூட்டை தூக்குகிறவர், லாரி ஓட்டுகிறவர், கமிஷன் வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று தோளோடு தோள் உரசும் இடம். வெளியூரில் இருந்து வந்த தொழிலாளிகள் சின்ன அறைகளில் பலர் சேர்ந்து தங்கி இருந்தார்கள்.

ஏப்ரல் கடைசியில் அங்கே நோய் தெரிந்தது. மே 5-ந் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். அதற்குள் தொழிலாளிகள் பலர் சொந்த ஊருக்குப் புறப்பட்டு விட்டார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று நோய் கிளம்பியது. திருவள்ளூர் மாவட்டத்திலும் பரவியது. எல்லை தாண்டி ஆந்திராவின் சித்தூர், நெல்லூர் பக்கத்துக்கும் போனது.

காய்கறி மார்க்கெட்டைத் திருவள்ளூர் மாவட்டம் திருமழிசைக்கு மாற்றினார்கள். திறந்த வெளியில், கடைக்குக் கடை இடைவெளி விட்டு வியாபாரம் நடந்தது. மழை பெய்தால் சேறு. ஆனாலும் காற்று இருந்தது, இடம் இருந்தது. செப்டம்பர் கடைசியில்தான் காய்கறிக் கடைகள் கோயம்பேட்டுக்குத் திரும்பின.

இதைச் சில வாரங்கள் முன்பே செய்திருந்தால்? வியாபாரிகளுக்குப் பிழைப்புக் கவலை. அரசாங்கத்துக்குப் பட்டணத்து அடுப்பு அணைந்து விடுமோ என்ற கவலை. இரண்டு கவலையும் நியாயம்தான். ஆனால் கிருமி யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

வாசல் தேடி வந்தார்கள்

சென்னை மாநகராட்சிக்கு அப்போது 15 மண்டலங்கள், 200 வட்டங்கள். மே, ஜூனில் அது ஒரு புதிய வழியைப் பிடித்தது. "நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாமே வாசலுக்குப் போக வேண்டும்" என்பதுதான் அந்த வழி.

ஆயிரக்கணக்கான பணியாளர்கள் தெருத் தெருவாகப் போனார்கள். "வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா அம்மா? இருமல்? வாசனை தெரிகிறதா?" என்று தினமும் கேட்டார்கள். காய்ச்சல் என்றால் பக்கத்துத் தெருவில் காய்ச்சல் முகாம். டாக்டர் இருப்பார், நர்சு இருப்பார். சந்தேகம் இருந்தால் மூக்கிலும் தொண்டையிலும் சளி மாதிரி எடுப்பார்கள். கபசுரக் குடிநீரும் கொடுத்தார்கள். வெளியே போகக் கூடாதவர்களுக்கு அரிசி, பால், மருந்து வாங்கிக் கொடுக்கத் தொண்டர்களை நியமித்தார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நோய் பிடித்த ஒருவரைச் சீக்கிரம் கண்டுபிடித்துத் தனியே வைத்தால், அவரால் இன்னும் நாலு பேருக்குப் பரவுவது நிற்கிறது. அந்த நாலு பேரால் பதினாறு பேருக்குப் பரவுவதும் நிற்கிறது. கடன் வட்டியைப் போலத்தான்! முதலிலேயே அடைத்தால் சின்னத் தொகை. விட்டால் குட்டி போடும்.

2020 ஜூன் 30-ந் தேதி சென்னையில் ஒரே நாளில் 2,393 பேருக்கு நோய் உறுதி ஆயிற்று. அதுதான் முதல் அலையின் உச்சம். முழு அடைப்பும் வாசல் தேடும் வேலையும் சேர்ந்தன. ஜூலைக் கடைசியில் தினசரிக் கணக்கு சுமார் ஆயிரத்துக்கு இறங்கியது. அந்த மாதம் கிண்டியில் 750 படுக்கைகள் கொண்ட கொரோனா ஆஸ்பத்திரியும் திறக்கப்பட்டது.

தகரமும் மதிலும்

எல்லாம் சரியாக நடந்ததா? இல்லை.

நோய் வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். நோயாளியைக் காப்பது நோக்கமா, ஊருக்குக் காட்டிக் கொடுப்பதா? ஜனங்கள் தகரத்துக்குப் பயந்தார்கள். பயந்தவன் காய்ச்சலை மறைப்பான். மறைத்த காய்ச்சல் பக்கத்து வீட்டுக்குப் போகும். கோர்ட்டு வரை கேள்வி போயிற்று. பிறகு அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள்.

2020 ஏப்ரலில், வேலூர் மாவட்டத்தில் ஆந்திரா போகும் இரண்டு சாலைகளின் குறுக்கே மதில் சுவரே கட்டி விட்டார்கள்! கண்டனம் எழுந்தது. சுவரை இடித்தார்கள். ஆம்புலன்சு போக வேண்டாமா? பிரசவ வலி எடுத்த பெண் போக வேண்டாமா? கிருமியைச் செங்கல்லால் தடுக்க முடியாது.

அதே ஏப்ரலில் மனம் வெதும்பும் ஒரு சம்பவமும் நடந்தது. நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் ஒருவர் சென்னையில் கொரோனாவால் இறந்தார். அவரைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. ஆம்புலன்சைத் தாக்கியது. உயிரைக் காக்க உழைத்தவருக்கு ஆறடி மண்ணுக்குக் கூடத் தகராறு! உடலைப் புதைப்பதால் நோய் பரவும் என்ற வீண் பயம் செய்த வேலை அது. இறுதிச் சடங்கைத் தடுத்தால் ஜெயில் என்று அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டது.

விட்டுப்போன கணக்கு

2020 ஜூலை 22-ந் தேதி ஒரு செய்தி வந்தது. சென்னையில் கணக்கில் சேராமல் விடுபட்ட 444 மரணங்கள் கொரோனாக் கணக்கில் சேர்க்கப்பட்டன.

எண் தானே என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. தவிர, சாவுக் கணக்கு சரியாக இருந்தால்தான் எந்தப் பேட்டையில் ஆபத்து அதிகம், எங்கே டாக்டரை அனுப்ப வேண்டும் என்று தெரியும்.

இன்னொரு கணக்கையும் மாநகராட்சி எடுத்தது. 2020 ஜூலையில் 12,405 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 21 பேருக்கு மேல் அந்தக் கிருமி ஏற்கெனவே வந்து போயிருந்தது. அதாவது, ஐந்து பேரில் ஒருவர்! பட்டணத்துக்கு இதைப் பெருக்கினால் பத்து லட்சத்துக்கு மேல் வருகிறது. அப்போது ஏட்டில் இருந்த நோயாளிகளோ சுமார் ஒரு லட்சம் பேர்தான். மற்றவர்கள் நோய் வந்ததை அறியாமலே நடமாடி இருக்கிறார்கள். "எனக்கு ஒன்றும் இல்லை, முகக்கவசம் எதற்கு?" என்று கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

இரண்டாம் அலை

2021 ஜனவரி 16-ந் தேதி தடுப்பூசி தொடங்கியது. சென்னையில் நோய் அடங்கி இருந்தது. ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள். கல்யாணம், தேர்தல் கூட்டம், கடைவீதி எல்லாம் பழையபடி ஆயின. ஊசி போட்டுக் கொள்ளப் பலர் தயங்கினார்கள்.

மார்ச்சில் புயல் மறுபடி புறப்பட்டது. இந்த முறை வந்தது டெல்டா என்ற உருமாறிய கிருமி. வேகம் அதிகம், கொடுமையும் அதிகம். மே 12-ந் தேதி சென்னையில் ஒரே நாளில் 7,564 பேர்! முதல் அலை உச்சத்தைப் போல மூன்று மடங்கு.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசையாக நின்றன. உள்ளே படுக்கை காலி ஆகும் வரை, நோயாளி வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் குழாயோடு காத்துக் கிடந்தார். ரெம்டெசிவிர் என்ற மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் ஜனங்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள். நோயாளியின் உறவினரே நோய்க் கூட்டத்தில் நிற்கும் பரிதாபம்! அது எல்லா நோயாளிக்கும் உயிர் கொடுக்கும் மருந்தும் அல்ல. பிறகு நேரடி விற்பனையை நிறுத்தி, ஆஸ்பத்திரிகளுக்கே மருந்தை அனுப்பினார்கள்.

மூச்சுக்குத் தட்டுப்பாடு

எல்லாவற்றிலும் பெரிய கஷ்டம் ஆக்சிஜன். மே முதல் வாரம் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் ஒரே இரவில் 13 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது என்று உறவினர்கள் கதறினார்கள். நாடே அதிர்ந்தது.

மே 7-ந் தேதி மு.க.ஸ்டாலின் முதல்-அமைச்சராகப் பதவி ஏற்றார். மே 10-ந் தேதி ஊரடங்கு. மே 14-ந் தேதி மேற்கு வங்காளத்தின் துர்காப்பூரில் இருந்து ஆக்சிஜன் ஏற்றிய முதல் ரயில் தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி, எங்கே ஆக்சிஜன் குறைவு என்று இரவு பகலாகக் கவனிக்க ஒரு தனி அறை திறந்தார்கள். கார்களையே சின்ன ஆம்புலன்சுகளாக மாற்றி ஓட விட்டார்கள்.

இன்னொரு முக்கியமான காரியமும் நடந்தது. நோய் என்று தெரிந்த எல்லோரும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம் என்று வகை பிரித்தார்கள். முதலில் பக்கத்துப் பரிசோதனை மையம். அங்கே டாக்டர் பார்ப்பார். விரலில் ஒரு சின்னக் கருவியை மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பார்கள். 94-க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரி. லேசான நோய் என்றால் வீட்டிலேயே தனி அறை. வீட்டில் தனி அறை இல்லாதவருக்கு முகாம். இப்படிப் பிரித்ததால், மூச்சுத் திணறுகிறவருக்குப் படுக்கை கிடைத்தது.

அந்தக் கோடையில் தாயையும் தந்தையையும் இழந்த குழந்தைகள் எத்தனையோ பேர்! அவர்கள் பெயரில் ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை போடுவதாக அரசாங்கம் அறிவித்தது. பணம் படிப்புக்கு உதவும். தலை வாரிவிடும் கை திரும்பி வருமா?

அரசாங்கக் கணக்குப்படியே கொரோனாவால் சென்னையில் 9,000-க்கும் அதிகமானவர்களும், தமிழ்நாடு முழுவதும் 38,000-க்கும் அதிகமானவர்களும் உயிர் இழந்தார்கள்.

ஊசியின் பலன்

2021 செப்டம்பர் 12-ந் தேதி தமிழ்நாட்டில் மாபெரும் தடுப்பூசி முகாம். ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டுக் கொண்டார்கள். அதன் பிறகு வாரா வாரம் முகாம்.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் என்ற மூன்றாம் அலை வந்தது. சென்னையில் தினசரிக் கணக்கு ஒன்பதாயிரத்தை நெருங்கியது. இரண்டாம் அலையைவிட அதிகம்! ஆனால் ஆம்புலன்சு வரிசை இல்லை. ஆக்சிஜன் ஓலம் இல்லை. பெரும்பாலோர் வீட்டிலேயே குணம் அடைந்தார்கள். கிருமியின் கொடுமை குறைந்திருந்தது ஒரு காரணம். ஜனங்களின் உடலில் ஊசி கட்டி வைத்த தடுப்பு மற்றொரு காரணம்.

அதே ஆண்டு ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படிகளில் காவடிகள் மீண்டும் ஏறின. 2023 மே 5-ந் தேதி உலக சுகாதார நிறுவனம், கொரோனா அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது.

ஊருக்கு ஒரு சொல்

திருத்தணி சுமார் 45 ஆயிரம் ஜனங்கள் வாழும் ஊர். திருவிழா என்றால் அதைப் போலப் பல மடங்கு கூட்டம் வந்து போகும். இப்படிப்பட்ட ஊர் பட்டணத்தின் அனுபவத்தை மறக்கக் கூடாது.

திருவள்ளூரில் 2022-ல் மருத்துவக் கல்லூரி திறந்தது நல்ல காரியம். ஆனால் அடுத்த கொள்ளை நோய் எந்த நாளில், எந்தப் பெயரில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டிடம் மட்டும் போதாது. காய்ச்சல் விசாரிக்க வரும் பெண்ணிடம் உண்மையைச் சொல்லும் குடும்பமும் வேண்டும். கெட்ட செய்தியை மறைக்காமல் சொல்லும் அதிகாரியும் வேண்டும். சந்தையை முன்கூட்டியே திறந்த வெளிக்கு மாற்றச் சம்மதிக்கும் வியாபாரியும் வேண்டும். எல்லையின் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் சுவர் கட்டுவதை விட்டு, டெலிபோனில் பேசிக் கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வீடு செய்ய வேண்டியதும் உண்டு. காய்ச்சல், இருமல் என்றால் கூட்டத்துக்குப் போகாதீர்கள். முகத்தை மூடிக் கொள்ளுங்கள். கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். மூச்சு வாங்கினால் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். பெரியவர்களுக்கு உரிய தடுப்பூசி எது என்று டாக்டரைக் கேளுங்கள். நோய் வந்த வீட்டை ஒதுக்காதீர்கள். ஒரு தூக்குச் சாப்பாட்டை அந்த வாசலில் வைத்துவிட்டு வாருங்கள்.

பக்கத்து வீடு பிழைத்தால்தான் நம் வீடும் பிழைக்கும்!